மூடக்கூடாத பக்கம்

வடக்கே, பனிக்கும் மீனுக்கும் பேர்போன ஒரு சின்ன தேசத்தின் ராஜாவுக்குப் பாட்டுப் புத்தகம் ஒன்று வேண்டியிருந்தது. அது கடைசியில் புதுச்சேரியில் மரியநேசத்தின் தலையில் வந்து விடிந்தது.

அந்த அரண்மனையில் பழைய புத்தகம் ஒன்று இருந்ததாம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ராணி ஒருத்திக்காகக் கன்றுத்தோலில் எழுதி, தங்க ரேக்கு ஒட்டி, ஓரங்களில் ஸ்ட்ராபெரியும் நத்தையும் ஈயும் வரைந்து செய்தது. அரண்மனை ஒருமுறை தீப்பிடித்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. முன்பே எடுத்து வைத்த புகைப்படங்கள் மட்டும் மிச்சம். புது ராஜா, தாம் முடிசூட்டிக்கொள்ளும் நாளில் அதே புத்தகம் மறுபடி பீடத்தில் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ராஜாக்கள் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தால் எங்கோ ஒரு மூலையில் யாரோ முதுகு ஒடிய வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மரியநேசம் தஞ்சாவூர்ப் பாணியில் மாதா படங்கள் செய்து பேர் வாங்கியவள். தங்கம் ஒட்டுகிற கை வேண்டும் என்று ஒரு கம்பெனி அவளைத் தேடி வந்தது.

அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகம் வேறு மாதிரி. விரித்து வைத்தால் இரண்டு பக்கத்திலும் சேர்த்து நாலு மூலை, நாலு குரல். உயர்ந்த குரலுக்கு ஒரு மூலை, தாழ்ந்த குரலுக்கு ஒரு மூலை. பாடுகிறவர்கள் எல்லோரும் ஒரே புத்தகத்தைச் சுற்றி நின்று அவரவர் மூலையைப் பார்த்துப் பாட வேண்டும். முழுப் பாட்டு எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. அடுத்தவனைக் காதால் கேட்டுத்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ராஜாவுக்குத் தோலும் தங்கமும் மட்டும் போதவில்லை. புத்தகத்தைத் திறந்தால் பாட்டும் எழும்ப வேண்டும் என்றார். கம்பெனியின் சார்பில் வந்த இன்ஜினியர் இளம்பரிதி இதைச் சொன்னபோது மரியநேசம் சிரித்தாள்.

"இதுக்கு ஏன் தம்பி இவ்ளோ அலட்டல்? ரெக்கார்ட் பண்ணி உள்ள வச்சா போச்சு."

"ராஜா ரெக்கார்டு கேக்கலக்கா, பாடகர் கேக்கறாரு. மண்டபத்துல எதிரொலி ஜாஸ்தின்னா மெதுவாப் பாடணும். பக்கத்து ஆளு சுருதி இறங்கினா இவரும் கூட இறங்கணும். அதுக்குக் காது வேணும், கவனம் வேணும், தப்புப் பண்ணிடுவோமோன்னு பயம் வேணும். பாடற பாகத்த மட்டும் மூளைலேருந்து நகல் எடுத்துப் பாத்தோம். எங்க வெட்டினாலும் குரல் செத்துப்போகுது. அதனால கொஞ்சம் தாராளமாவே எடுத்தோம்."

"தாராளமான்னா?"

"ஏறக்குறைய மொத்தமா," என்றான் இளம்பரிதி. "நகல்தானேக்கா. புத்தகத்த மூடினா தூங்கிடும். வெளிச்சம் பட்டா முழிச்சுக்கும். நடுவுல ஒண்ணும் தெரியாது, மயக்க மருந்து குடுத்த மாதிரி."

பாடகர்களாகப் புதுச்சேரி மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து நாலு பேரைப் பிடித்தார்கள். லத்தீன் பாட்டை அவர்கள் பாடுவதை ராஜா எங்கோ கேட்டிருந்தாராம். நாலில் ஒருவர் மரியநேசத்தின் கணவர் செபஸ்தியான், டெனர் என்கிற உயர்ந்த ஆண் குரலில் பாடுகிறவர். மூளையை நகல் எடுக்கிற தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டி நாற்காலியில் உட்கார வைத்துப் பாட விட்டார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு சான்றிதழ். செபஸ்தியான் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். "ராஜ சபையில நம்ம குரல்" என்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் ஒரு மாதம் பீற்றிக்கொண்டார்.

தோலுக்கு அடியில் நகல்கள் அடங்கிய மெல்லிய ஏடுகளைப் பதித்து, தைத்து, அட்டை கட்டிய பிறகு புத்தகம் மறுபடி மரியநேசத்தின் பட்டறைக்கு வந்தது. முதல் பாட்டின் பக்கத்தில் தங்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது. முடிசூட்டு விழாவில் திறக்கப்போகிற பக்கம் அது.

அந்தப் பாட்டில் டெனருக்கு ஆரம்பத்தில் வேலையே கிடையாது. மற்ற மூன்று பேரும் பின்னிப் பின்னிப் பாடிக்கொண்டிருக்க, டெனர் வாயை மூடிக்கொண்டு தாளத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். எண்ணி முடித்ததும் கரெக்டாக நுழைய வேண்டும். கை காட்ட ஆள் கிடையாது, எண்ணிக்கைதான் துணை.

ஒருநாள் மதியம் அவள் பக்கத்தைத் திறந்து மெருகுக் கல்லால் தேய்க்கத் தொடங்கினாள். வெளிச்சம் பட்டதும் மூன்று குரல்கள் எழும்பின. நல்ல சுகமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் பெல்லை அடித்தார். தூசு படக் கூடாதென்று புத்தகத்தை மூடிவிட்டுப் போனாள். சிலிண்டர்காரரோடு வழக்கமான தகராறை முடித்துவிட்டு வந்து மறுபடி திறந்தாள்.

திறந்த உடனே டெனர் பாதி வரியில் இருந்தார். தன்னந்தனியாக, கணீரென்று, கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவரின் குரலில். விட்ட இடத்திலிருந்து தொடங்கிய மற்ற மூவரும் மிரண்டு தடுமாறி அவர்மேல் வந்து மோதினார்கள். பாட்டு கந்தல் கந்தலாகக் கிழிந்தது.

மரியநேசம் வயிறு குலுங்கச் சிரித்தாள். ஏனென்றால் இதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஒரு ஈஸ்டருக்கு முந்திய ஒத்திகையில், பாடகர் குழுவை நடத்துகிற பொனவெந்தூர் மாஸ்டர் பாட்டைப் பாதியில் நிறுத்தி, பெண்கள் வரிசையை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலை குனிந்து நிற்க, செபஸ்தியான் மட்டும் கண்ணை மூடியபடி எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். மாஸ்டர் உச்சக்கட்டக் கோபத்தில் இருந்தபோது சரியாகத் தன் வரியைப் பிடித்து நுழைந்தார். கோயிலே சிரித்தது. "எண்ண ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது மாஸ்டர்" என்று அசடு வழிந்தார்.

அந்த ஞாபகத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தூங்குகிறவர் எப்படி எண்ணுவார்?

பாட்டை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, மூவரும் பாடத் தொடங்கியதும் மூடினாள். டெனரின் ஓய்வு முடிகிற நேரம் வரை தானும் எண்ணினாள். திறந்தாள். அதே நொடியில் அவர் நுழைந்தார். இன்னொரு தடவை மூடி, இன்னும் கொஞ்சம் காத்திருந்து திறந்தாள். அவர் தன் வரியில் வெகுதூரம் போயிருந்தார். மூடிய புத்தகத்துக்குள், யாருடைய குரலும் எட்டாத இடத்தில், எண்ணி முடித்துவிட்டுத் தனியாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் தூங்கவில்லை என்பதற்கு இது போதாதா?

அவள் கூப்பிட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கூப்பிட்டாள்.

"என்னங்க?"

பாட்டு நின்றது. ஓரத்தில் அவளே வரைந்திருந்த ஸ்ட்ராபெரிப் பழத்தின் விதை ஒன்று, உண்மையில் பாடகருக்குக் கண்ணாகப் பதித்த கேமரா, அவளைப் பார்த்தது.

"நேசம்? நீ எப்ப வந்த? கரண்ட் போயிடுச்சா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சும்மா சும்மா போவுது, வருது. இந்தப் பசங்க ஒரு ஜெனரேட்டர் வச்சிருக்கக் கூடாதா? இருட்டுல ஒரு சத்தம் கேக்கமாட்டேங்குது நேசம். என் குரலே எனக்குக் கேக்கல. இந்தத் தொப்பியக் கழட்டச் சொல்லேன். தல அரிக்குது, கையத் தூக்க முடியல."

தொப்பியைக் கழற்றி மாதக் கணக்கு ஆகிவிட்டது என்று அவள் எப்படிச் சொல்வாள்? புத்தகத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு, மின்விசிறியையும் விளக்கையும் போட்டபடியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டில் செபஸ்தியான் வஞ்சிர மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கையை அவள் நின்று பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"அது நான் இல்ல," என்றார் அவர் உடனே. "நான் இங்க குந்திக்கினு மீன் தின்றேன்."

"அவரும் அப்படித்தாங்க நெனச்சிட்டு இருக்காரு. அங்க நாற்காலில உக்காந்திருக்கறதா."

"மெஷினு ஏதோ உளறுது."

"மெஷினுக்குத் தல அரிக்குமா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அப்புறம் சத்தம் போட்டார். "ஏன்டி எங்கிட்ட வந்து சொன்ன? தெரியாமலே இருந்துட்டுப் போயிருப்பேன்ல?"

"உங்களப் பத்தின விஷயம். உங்களுக்குத் தெரிய வேணாமா? நான் எப்படிங்க மறைப்பேன்?"

அன்றிலிருந்து அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தினால் குளியலறைக்குள் நிற்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் நிஜமாகவே கரண்ட் போனபோது கூடத்தில் நின்று "நேசம், நேசம்" என்று அலறினார். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கதான இருக்கேன்? சொல்லு, இங்கதான?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவளுக்கும் பயமாக இருந்தது. ஆமாம் என்று சொல்கிற தன் குரலே அவளுக்கு உறுதியாகப் படவில்லை.

இளம்பரிதியை வரச் சொல்லி அவன் கண்முன்னால் மூடித் திறந்து காட்டினாள். டெனர் குரல் கேட்டதும் அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"இப்படி இருக்கும்னு சத்தியமா தெரியாதுக்கா. காதையும் கண்ணையும் நிறுத்தினா போதும், தானாத் தூங்கிடும்னுதான் சொன்னாங்க."

"உன் காதையும் கண்ணையும் கட்டி ஒரு அலமாரிக்குள்ள வைக்கட்டா? தூங்குவியா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "கம்பெனில சொன்னா புத்தகத்த அப்படியே அனுப்புன்னுதான் சொல்வாங்க. ராஜாவுக்குத் தேதி குறிச்சாச்சு. வேணும்னா ஒண்ணு செய்யலாம். பாடகர்கள இங்கயே அழிச்சிடலாம். பழுதாயிடுச்சுன்னு நான் எழுதிக்கறேன். ஒரு நிமிஷ வேலை."

"அழிச்சா?"

"இருக்க மாட்டாங்க."

"ஐயோ."

"நீங்கதான் சொல்லணும்க்கா."

"எங்க வீட்டுக்காரரக் கொல்லட்டுமான்னு எங்கிட்டயே கேக்கறியா? வெக்கமா இல்ல?"

கடைசியில் இதைப் புத்தகத்துக்குள் இருக்கிறவரிடமே கேட்பது, விவரத்தைச் செபஸ்தியானே சொல்வது என்று முடிவாயிற்று. செபஸ்தியானைப் பட்டறைக்குக் கூட்டி வருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வாசல் வரை வந்துவிட்டு இரண்டு தடவை திரும்பிப் போனார். மூன்றாம் தடவை அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்தாள்.

விரித்த புத்தகத்தின் முன்னால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன்னையே நீ என்று கூப்பிடுவதா, நீங்கள் என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் முதலில் முழித்தார்.

"இங்க பாருப்பா," என்று ஆரம்பித்தார். "நான் செபஸ்தியான்."

நாலு மூலைகளும் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். தொப்பியைக் கழற்றிவிட்டார்கள் என்றார். அப்புறம் தான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது ஏதோ திருடிக்கொண்டு போனவர்போல அவர் குரல் உள்ளே போயிற்று. மேல் மூலையில் உச்சக்குரல் பாடுகிற பெண் அழத் தொடங்கினாள். நிஜத்தில் அவளும் அதே கோயிலில் அடுத்த பெஞ்சில் உட்காருகிறவள்தான். நேற்றுத்தான் மரியநேசத்தோடு மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கினாள்.

டெனர் மூலையிலிருந்து குரல் வந்தது.

"அப்ப, வீட்டுக்கு நீதான் போறியா?"

"ஆமா," என்றார் செபஸ்தியான்.

"நேசம் நல்லா இருக்காளா?"

"இங்கதாங்க இருக்கேன்," என்றாள் அவள். அழுகையை அடக்க முடியவில்லை. "அழிச்சிடலாம்னு தம்பி சொல்றான். உங்களுக்கு வேணும்னா. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

"வேணாம் வேணாம்," என்றது குரல், அவள் முடிப்பதற்குள். மற்ற மூவரும் கூடச் சேர்ந்து வேணாம் என்றார்கள். "பாடறது ஒண்ணும் கஷ்டமில்ல நேசம். ராஜாவோ, மந்திரியோ, எவனாவது வந்து பாத்துட்டுப் போவட்டும். இருட்டு மட்டும் வேணாம். அங்க எண்ணிட்டே இருக்கணும். எண்றத நிறுத்தினா நான் இருக்கேனா இல்லையான்னே தெரியல. வெளிச்சம் இருந்தா போதும்."

அதைச் செய்து கொடுப்பது என்று மரியநேசம் மனசுக்குள் சத்தியம் செய்தாள்.

வழி அவள் தொழிலிலேயே இருந்தது. வெள்ளைக்காரர் புத்தகங்களில் தங்கம் லேசாகத்தான் மேடு தட்டும். தஞ்சாவூர்ப் படத்தில் அப்படி இல்லை. சுக்கான் என்கிற சுண்ணாம்புக்கல் பொடியைக் கோந்தில் குழைத்து, அப்பி, காயவிட்டு, அதன்மேல் அப்பி, விரற்கடை உயரத்துக்குக் கொண்டுபோய் அதற்கு மேல்தான் ரேக்கு ஒட்டுவார்கள். அவள் இரண்டு பக்கத்தின் முதல் எழுத்துகளையும், ஓரத்துக் கொடிகளையும், ராஜாவின் சிங்க முத்திரையையும் அந்த மாதிரி எழுப்பினாள். இடது பக்கத்து மேடு வலது பக்கத்து மேட்டுக்கு நேர் எதிரில் வரும்படி பார்த்துப் பார்த்து எழுப்பினாள். கண்ணாகப் பதித்த விதைகளை மட்டும் தொடவில்லை. வேலை முடிந்தபோது பக்கம் கோயில் பலிபீடம்போல ஜொலித்தது.

இளம்பரிதி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அக்கா, இது மூடாதே."

"மூடாது. மூடினா தங்கம் நொறுங்கும். பக்கத்தத் திருப்பினாலும் நொறுங்கும். ராஜாவோட சிங்கம் நொறுங்கினா யாரு பதில் சொல்றது?"

அவன் முகம் மலர்ந்தது. "யாருக்கும் தைரியம் வராது," என்றான். பெட்டிக்குள்ளேயே விளக்கு வைத்து, மூடாமல் அனுப்ப அவனே ஏற்பாடு செய்தான். புது வண்ணம் வெளிச்சத்தில்தான் இறுகும் என்று கம்பெனிக்கு எழுதினான். விமானம் ஏறுவதற்கு முன்னால் மரியநேசம் பக்கத்தருகே குனிந்து, "போயிட்டு வாங்க" என்றாள். "வரேன்" என்றது டெனர் குரல். அவள் அழுதாள். ஆனால் மாதக் கணக்கில் முதல் தடவையாக மனசு லேசாக இருந்தது.

முடிசூட்டு விழா முடிந்த மறுநாள் மதியம் இளம்பரிதியின் போன் வந்தது. குரலில் துள்ளல்.

"அக்கா, ராஜா அசந்துட்டாராம்! இந்த மாதிரி தங்கம் அவங்க அரண்மனையிலயே கெடயாதாம். கண்ணாடிப் பேழைக்குள்ள, தெறந்தபடியே, விளக்குப் போட்டு நிரந்தரமா வைக்கப் போறாங்க. விளக்க அணைக்கவே கூடாதுன்னு உத்தரவு."

"மாதாவே," என்றாள் அவள். கண்ணில் நீர் வந்தது. "மத்த பாட்டையெல்லாம் கேக்கணும்னு பக்கத்தத் திருப்பிட மாட்டாங்களே?"

"திருப்பினா சிங்கம் போயிடுமே. தொடவே மாட்டாங்க. மத்த பக்கத்து ஆளுங்க பாடாம புதுசாவே இருப்பாங்க, அவ்ளோதான்."

"எந்த ஆளுங்க?"

"மத்த பாட்டுங்களப் பாடறவங்க."

"அதையும் எங்க வீட்டுக்காரர்தானே பாடறாரு? பக்கத்தத் திருப்பினா அவர்தான அங்கயும் வந்து பாடுவாரு?"

"அவரேதான்க்கா, ஆனா வர மாட்டாரு. ஒரே ஆள பாட்டுக்குப் பாட்டு மாத்தினா குழம்பறாங்கன்னு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நகல் தனியா வச்சோம். பக்கத்துக்குப் பக்கம் ஒரு செபஸ்தியான் சார்..."

அவன் பேச்சு அங்கேயே நின்றது.

"அக்கா," என்றான், அழுகிற குரலில். "நான் அத யோசிக்கவே இல்லக்கா."

அவள் போனை வைத்தாள். அறைக்குள் செபஸ்தியான் கட்டிலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"என்னவாம் நேசம்?"

"ராஜாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்," என்றாள். "விளக்க அணைக்கவே மாட்டாங்களாம்."

"அப்ப இனிமே இருட்டே இல்லையா?"

"இல்லங்க."

"அப்பாடா," என்றார் அவர். பெரிய மூச்சாக விட்டார். பிறகு தாமே எழுந்து போய், வெயில் வராமல் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கதவையும் சாத்தினார். படுத்த சற்று நேரத்தில் குறட்டை வந்தது.

இருண்ட அறையில் மரியநேசம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் முதல் எழுத்துக்கும் தங்கம் வைத்தவள் அவள். திறந்திருக்கிற பாட்டைத் தவிர மூடிய பக்கங்களில் எத்தனை பாட்டு என்று எண்ணக் கூடாது, எண்ணக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எண்ணினாள்.